நல்ல நிலையில் பெறப்பட்டது

இந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க தம்பி, அங்க வெயில் அடிக்கும். டோக்கன் எத்தனை? முப்பத்தேழா? எனக்கு முப்பத்தி நாலு. இப்பத்தான் பதினாறு உள்ளே போயிருக்கு. அந்த அம்மா சீக்கிரம் வெளியே வராது, கையில நாலு வருசப் பேப்பர் வச்சிருக்கு. உங்களுக்கு என்ன, பைக் காணாமப் போச்சா? கிடைச்சிரும். பைக்கை எவனும் தின்ன மாட்டான், ஓட்டத்தான் செய்வான்.

எனக்குப் போனது ஒரு ஊசி. சிரிக்காதீங்க. தையல் ஊசி இல்ல, துப்பாக்கி ஊசி. விசையை இழுத்தா உள்ளே இருந்து வந்து தோட்டாவோட பின்பக்கத்துல குத்தும் பாருங்க, அது. அது குத்தினாத்தான் வெடிக்கும். அது இல்லேன்னா துப்பாக்கி வெறும் கம்பு. நாயை விரட்டலாம், அவ்வளவுதான்.

அந்த ஊசியால ஒரு ஏட்டு ரிட்டயர் ஆக முடியாம நிக்காரு. வர்ற முப்பத்தொண்ணாம் தேதி அவருக்குக் கடைசி நாள். விசாரணை முடியாம விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவர் மேல மனுக் குடுத்தது யாருன்னு கேக்குதீங்களா? நாந்தான். இதே எஸ்.பி. ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து, இதே மாதிரி டோக்கன் வாங்கித்தான் குடுத்தேன். இன்னைக்கு வந்தது வேற விசயம். வரிசையாச் சொல்லுதேன். குறுக்க கேக்காதீங்க, எனக்கு விட்டுப் போயிரும்.

எங்க ஊரு மலையடிவாரம். எலுமிச்சைத் தோப்பு, கொஞ்சம் கடலை. துப்பாக்கி என் தாத்தா காலத்துது. ஒத்தைக் குழல். வெள்ளைக்காரக் கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த லைசென்ஸ். எதுக்குக் குடுத்தான்? புலி சுட்டதுக்குன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. ஊர்ல வேற சொல்லுவான். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த காங்கிரஸ்காரன் ரெண்டு பேரைக் காட்டிக் குடுத்ததுக்குன்னு சொல்லுவான். ஊர்ல ஆயிரம் சொல்லுவான். புலித்தோல் எங்கேன்னு கேட்டிராதீங்க, கரையான் அரிச்சிருச்சு.

அதுக்கு முந்தி, பாளையக்காரர் காலத்துல, எங்க பக்கம் வீட்டுக்கு வீடு வேலும் துப்பாக்கியும் கிடந்துச்சாம். வெள்ளைக்காரன் அத்தனையும் பிடுங்கினான். பிடுங்கி நூறு வருசம் கழிச்சு, தனக்கு வேண்டிய ஆளாப் பார்த்து ஒண்ணு ஒண்ணாத் திருப்பிக் குடுத்தான். அதுல ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்தது. எல்லார் கையிலயும் இருந்தா அது சாமான் தம்பி. ஒருத்தன் கையில மட்டும் இருந்தாத்தான் மரியாதை.

வெள்ளைக்காரன் போனப்புறம் மரியாதை கொஞ்சம் நீர்த்துப் போச்சு. பன்னி கடலையைத் தின்னுதுன்னு எழுதிப் போட்டா லைசென்ஸ்னு ஆயிட்டு. நாலு ஏக்கர் வச்சிருந்தவன் எல்லாம் வாங்கினான். எலெக்சன் வந்தா எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேசன்ல ஒப்படைச்சிட்டு, முடிஞ்சதும் திரும்ப வாங்கணும். அது இப்பவும் சட்டம். அப்பா காலத்துல அந்த ஒப்படைக்கிற நாள் ஒரு திருநாள் மாதிரி இருக்கும். ஸ்டேசன் வேப்பமரத்தடியில நாப்பது துப்பாக்கி வரிசையா சாஞ்சிருக்கும். இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு நின்னு அப்பாவுக்கு நாற்காலி போடச் சொல்லுவார். அப்பா துப்பாக்கியைத் தானாத் தூக்கிட்டுப் போனதே கிடையாது. கிழக்குத் தெரு ஆள் ஒருத்தன் தோள்ல வச்சுப் பின்னால வருவான். அப்பா குடையை மட்டும் பிடிச்சிட்டு முன்னால நடப்பார்.

இந்தப் பார்லிமெண்ட் எலெக்சனுக்கு நான் போனேன். நானேதான் தூக்கிட்டுப் போனேன், பெட்ஷீட்டுல சுத்தி, மினிபஸ்ல. கண்டக்டர் லக்கேஜ்னு சொல்லி டிக்கெட் போடப் பார்த்தான். ஸ்டேசன்ல வரிசைன்னு பார்த்தா மூணே பேரு. எனக்கு முன்னால ரெண்டு பேரும் பேங்க் வாட்ச்மேன், பழைய பட்டாளத்துக்காரங்க. அதுல ஒருத்தர் என் துப்பாக்கியைப் பார்த்துட்டு ரொம்ப மரியாதையாக் கேட்டார்: “சார் எந்த பேங்க்?”

என்ன சொல்ல? “கூட்டுறவு”ன்னு சொல்லிட்டேன்.

மத்தவன் எல்லாம் எங்க போனான்னு கேட்டீங்கன்னா, அப்பன் செத்ததும் பிள்ளைங்க பேர் மாத்தல. ஒருத்தன் பெங்களூர்ல இருக்கான், ஒருத்தன் துபாய்ல. துப்பாக்கியை வச்சு அங்க என்ன செய்ய? துப்பாக்கிக் கடையில குடுத்துட்டான், ஸ்டேசன்ல குடுத்துட்டான். நான் ஒருத்தன்தான் விடாம வச்சிருக்கேன். முந்தி மூணு வருசம், இப்ப அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். ஒவ்வொரு தடவையும் வி.ஏ.ஓ. கேப்பான், “இன்னும் எதுக்கு அண்ணாச்சி?” தாசில்தார் ஆபீஸ்ல கேப்பான், “இன்னும் எதுக்கு?” கோவணம் எதுக்குக் கட்டுதேன்னு கேக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

சரி, ஏட்டுக்கு வாரேன். பேரு தாணுலிங்கம். ஸ்டேசன் ரைட்டர். பத்து வருசமா அவர்தான் என் துப்பாக்கியை வாங்குவார், அவர்தான் குடுப்பார். நல்ல மனுசன்னுதான் சொல்லுவாங்க. வாங்கினதும் ரசீது எழுதுவார். ஒத்தைக் குழல் துப்பாக்கி ஒன்று, இன்ன நம்பர், நல்ல நிலையில் பெறப்பட்டது. கீழே கையெழுத்து, முத்திரை. திறந்து பார்க்கிறதெல்லாம் இல்ல. பழைய ரசீதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்படியே பார்த்து எழுதுவார். அவருக்கு முந்தி இருந்த ரைட்டரும் அப்படித்தான். எங்க தாத்தா காலத்து ரசீதுலயும் அதே வரிதான் இருக்கு தம்பி. அன்னைக்கு எவனோ ஒருத்தன் நிஜமாவே பார்த்து எழுதியிருப்பான். அதுக்கப்புறம் எல்லாரும் காப்பிதான்.

எண்பது நாள் உள்ளே இருந்தது. எலெக்சன் முடிஞ்சு ரிசல்ட் வந்து, வாங்கிட்டு வந்து பூஜை ரூம் அலமாரியில வச்சேன்.

ஆடி மாசம் எங்க ஊர் அம்மன் கோயில் கொடைவிழா. அதுல ஒரு வழக்கம் உண்டு. சாமி கோயிலை விட்டுப் புறப்படணும்னா எங்க வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒரு தடவை வெடிக்கணும். முதல் வேட்டுன்னு பேரு. அது வெடிக்காம மேளக்காரன் கை வைக்க மாட்டான். எனக்கு நாப்பத்தாறு வயசு வரைக்கும் நடந்தது. அப்புறம் நிப்பாட்டிட்டாங்க. ஏன்னு யாரும் வந்து சொல்லல. அந்த வருசம் ஊருக்குள்ள கொஞ்சம் மனத்தாங்கல்.

என்ன மனத்தாங்கல்னா, ஒண்ணும் பெரிசில்ல. தோப்புல ஒரு நாள் பொழுது சாயுற நேரம். பன்னி வருதுன்னு சுட்டேன். பார்த்தா மூக்கையா. கிழக்குத் தெரு. புல்லுக்கட்டைத் தலையில வச்சிக்கிட்டுக் குனிஞ்சு வந்திருக்கான். ஆள் வர்றவன் ஒரு சத்தம் குடுக்க வேண்டாமா? கெண்டைக்கால்ல ரெண்டே ரெண்டு ரவை. ரெண்டும் ஆஸ்பத்திரியில எடுத்தாச்சு. நானே வண்டி பிடிச்சு அனுப்பினேன். ஸ்டேசன்லயும் பேசி முடிச்சாச்சு, கம்பி கிழிச்சதுன்னு எழுதிக்கிட்டாங்க. இன்னைக்கும் அவன் நொண்டித்தான் நடக்கான், எனக்கு முன்னால வரும்போது கொஞ்சம் கூடவே நொண்டுவான். அவங்க அப்பாதான் எங்க அப்பாவுக்குத் துப்பாக்கி தூக்கினவர். அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் அப்படி ஒரு பழக்கம்.

அதுக்கப்புறம் இந்த வருசம்தான் இளவட்டப் பயலுக வந்தானுவ. “மாமா, பழைய வழக்கத்தை மறுபடியும் கொண்டு வரணும். முதல் வேட்டு நீங்கதான்.” எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. ஊர் கேட்டு வந்திருக்கு. புதுத் தோட்டா வாங்கினேன். வேட்டியை வெளுக்கப் போட்டேன். என் பொண்டாட்டி சண்முகவடிவுதான், “வேண்டாம், வேண்டாம், இந்த வயசுல எதுக்கு?”ன்னு ரெண்டு நாளா ஒரே புலம்பல். சட்டப்படியும் இப்ப கூடாதாம், விசேசத்துக்கு வானத்துல சுட்டாலே கேஸாம். அவளுக்கு அந்தச் சட்டம் எப்படித் தெரியும்னு அப்ப நான் யோசிக்கல.

கொடை அன்னைக்கு ஊரே நிக்கி. சப்பரம் தூக்கியாச்சு. மேளக்காரன் கம்பை ஓங்கிட்டு என்னையே பார்க்கான். நான் துப்பாக்கியை வானத்தைப் பார்த்து நீட்டி விசையை இழுத்தேன்.

டிக்.

இன்னொரு தடவை இழுத்தேன். டிக். தோட்டாவை மாத்தினேன். டிக். ஒரு சின்னப்பிள்ளை சிரிச்சது பாருங்க, அதோட எல்லாம் தொடங்கிட்டு. பொம்பளைங்க சேலைத் தலைப்பை வாயில வச்சிக்கிட்டாளுவ. கடைசியில எவனோ ஒருத்தன் சரவெடியைக் கொளுத்திப் போட்டான், சாமி புறப்பட்டுப் போயிட்டு. நான் அங்கேயே நிக்கேன். அத்தனை பயலும் போன்ல படம் பிடிச்சிட்டான். பாட்டு வேற சேர்த்து விட்டிருக்கான். உங்களுக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும், வெள்ளைச் சட்டை, தோள்ல நேரியல் துண்டு. அது நாந்தான்.

மறுநாளே துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மடக்கித் திறந்து கண்ணாடி போட்டுப் பார்த்தார். “அண்ணாச்சி, ஊசி பாதிதான் இருக்கு. நுனியை அறுத்திருக்காங்க.”

“துருவா?”

“துரு இல்ல. அரம் போட்ட தடம் தெரியுது. வேலை தெரிஞ்ச கை.”

எண்பது நாள் எங்க இருந்தது? ஸ்டேசன்ல. ரசீதுல என்ன இருக்கு? நல்ல நிலையில் பெறப்பட்டது. யார் கையெழுத்து? தாணுலிங்கம். இதுல யோசிக்க என்ன இருக்கு? நல்ல நிலையில வாங்கினான், ஊசி இல்லாமத் திருப்பிக் குடுத்தான். நேரா டைப் அடிக்கிறவன்கிட்டப் போய் மனு எழுதினேன். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டான். கொடையில சுட்டேன்னு எழுத முடியுமா? சுத்தம் செய்யும்போது கண்டறிந்தேன்னு எழுதச் சொன்னேன்.

மனு வேலை செஞ்சது தம்பி. நம்ம நாட்டுல எந்த மனு வேலை செய்யும், எது செய்யாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. தோப்புக்கு வேலி கேட்டு பன்னிரண்டு மனு போட்டேன், ஒண்ணும் நடக்கல. இது பத்தே நாள்ல நடந்தது. விசாரணை அதிகாரி வந்தார். ரெஜிஸ்டரைக் கைப்பற்றினாங்க. தாணுலிங்கத்தைக் கேட்டா அவர் என்ன சொல்லுவார்? திறந்து பார்க்காமத்தான் எழுதினேன்னு சொன்னா அதுவும் தப்பு. திறந்து பார்த்து எழுதினேன்னு சொன்னா திருட்டு. எப்படிச் சொன்னாலும் மாட்டினார். எனக்கு அப்ப சந்தோசம்தான். ஏன் பொய் சொல்லணும்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை அவர் எங்க வீட்டுக்கு வந்தார். யூனிபார்ம் இல்ல, வேட்டி கட்டி, கையில ஒரு சீப்பு வாழைப்பழம். ரோட்டுல பார்த்தா அடையாளம் தெரியாது, யூனிபார்ம் இல்லாமப் பாதி ஆளாத் தெரிஞ்சார். “உக்காருங்க ஏட்டையா”ன்னு கூட நான் சொல்லல. என் பொண்டாட்டிதான் நாற்காலியை இழுத்துப் போட்டா.

“அண்ணாச்சி, நான் உங்க துப்பாக்கியைத் தொட்டு மூலையில சாத்துனதோட சரி. அம்மன் சத்தியம்.”

“ரசீது அப்படிச் சொல்லலியே ஏட்டையா.”

“ரசீது எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுதேன். பேங்க்காரன் துப்பாக்கிக்கும் அதேதான். முப்பத்தாறு வருச சர்வீஸ். கடைசி மாசத்துல களவாணின்னு பேர் வாங்கிட்டுப் போகணுமா?”

அவர் வாழைப்பழத்தை மேசையில வச்சிட்டு, “அந்த வீடியோ எங்கிட்டயும் இருக்கு”ன்னார். “விசாரணை ஐயாகிட்ட நான் காட்டல. காட்டினா என் கதை எப்படியோ, உங்க லைசென்ஸ் அன்னைக்கே போயிரும். கொடையில சுட்டதுன்னு கேஸும் வரும். அது எனக்கு வேண்டாம்.”

“மிரட்டுதீங்களா?”

“மிரட்டுறவன் வாழைப்பழம் வாங்கிட்டு வருவானா அண்ணாச்சி?”

காப்பியைக் குடிச்சிட்டு டம்ளரைத் தானே கழுவி வச்சிட்டுப் போனார். எனக்கு அது ஒரு மாதிரியா இருந்தது. வீட்டுக்கு வந்த போலீஸ்காரன் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்ல.

அவர் தெருமுனை திரும்பல, சண்முகவடிவு வந்து எனக்கு முன்னால நின்னா. “அந்த மனுசனை விட்டிருங்க.”

“ஏன், உனக்கு என்ன வந்தது?”

“ஊசியை எடுக்கச் சொன்னது நாந்தான்.”

எனக்கு முதல்ல புரியல. பூஜை ரூம்ல ஏதோ ஊசியைச் சொல்லுதான்னு நினைச்சேன். அவ நின்ன இடத்துல நின்னு, அரிசி களையுற மாதிரி நிதானமாச் சொன்னா. மூக்கையா விவகாரம் நடந்த வருசம், அவ தம்பி கணபதிராமன் பட்டாளத்துல இருந்து தீபாவளி லீவுல வந்திருந்தான். “அத்தான், துப்பாக்கி பராமரிப்பே இல்லாமக் கிடக்கு, நான் துடைச்சுத் தாரேன்”னு முழுசாப் பிரிச்சுப் போட்டு எண்ணெய் விட்டுக் குடுத்தான். அரை நாள் வேலை. முடிச்சப்புறம் விசை வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் ஊரெல்லாம் சொன்னேன், பட்டாளத்துக்காரன் கை பட்டா எப்படி இருக்குன்னு பாருங்கடேன்னு. அன்னைக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து முடிச்சிருக்காங்க. “வெடிக்கக் கூடாது, அவருக்குத் தெரியவும் கூடாது”ன்னு இவ சொன்னாளாம். அவன் செஞ்சிட்டான். கொடையில சுட்டா கேஸ்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்ததும் அவன்தானாம். போன் போட்டுக் கேட்டேன். “ஆமா அத்தான், அக்கா சொன்னா, செஞ்சேன்”னு சொல்லுதான். ஒரு மன்னிப்பு உண்டா? இல்ல. “நீங்க இவ்வளவு நாள் கண்டுபிடிக்கலியா?”ன்னு கேக்கான்.

இருபத்திரண்டு வருசம் தம்பி. இருபத்திரண்டு வருசமா நான் வெறும் கம்பைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தோப்பைச் சுத்தியிருக்கேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சிருக்கேன். எத்தனை எலெக்சன், எத்தனை ரசீது. அத்தனையிலயும் நல்ல நிலை.

நீங்க கேக்கலாம், இடையில சுட்டுப் பார்க்கலியான்னு. பார்த்தேன். ரெண்டு தடவை. பன்னியைச் சுடுறதுக்கு பாரஸ்ட்காரன் ஆயிரத்தெட்டுப் பேப்பர் கேப்பான், அதனால எல்லாரையும் மாதிரி நானும் வெடியைக் கொளுத்திப் போட்டுத்தான் விரட்டினேன். ஒரு தடவை பன்னி நேருக்கு நேரா நின்னது, இழுத்தேன், டிக். தோட்டா நமுத்திருக்குன்னு நினைச்சேன். மழைக்காலம். இவதான் மறுநாள் தோட்டாவையெல்லாம் முறத்துல போட்டு வெயில்ல காய வச்சா. என் கண்ணு முன்னால, வத்தல் காயப் போடுற மாதிரி. என்ன நடிப்பு!

ரெண்டாவது தடவை, அது வீட்டு விசயம். சரி, சொல்லிட்டேன், பாதியில விட்டா நீங்க வேற நினைப்பீங்க. எனக்கு ஒரே பொண்ணு, செண்பகம். டீச்சர் டிரெயினிங் படிக்கப் போன இடத்துல ஒரு பையனைப் பார்த்துட்டா. வேற ஆளுங்க, வேற சாமி. பதினொரு வருசம் ஆகுது. அந்தப் பையன் என்ன தைரியம் பாருங்க, நேரா எங்க வீட்டு கேட்டுல வந்து நிக்கான். தனியா வந்தான். “உங்ககிட்டப் பேசணும்”ங்கான். நான் என்ன செய்வேன்? உள்ளே போய் எடுத்துட்டு வந்தேன். தோட்டாவைப் போட்டேன், நீட்டினேன், இழுத்தேன். டிக். மறுபடியும் அந்த நமுத்த தோட்டா. அந்தப் பையன் மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு, ஆனா ஓடல. அன்னைக்குச் சாயங்காலமே செண்பகம் ஒரு பையை எடுத்துக்கிட்டு அவனோட போயிட்டா. மேலே பார்த்துத்தான் பிடிச்சேன் தம்பி. மிரட்டத்தான். அவன் தலைக்கு மேலே, வேப்பங்கிளையைப் பார்த்து.

அதுக்கப்புறம் அவ பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சண்முகவடிவும் எடுக்கல. மாசத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குக் கோயிலுக்குப் போவா, கண்ணாஸ்பத்திரிக்குப் போவா. நல்ல பக்தி அவளுக்கு. சில சமயம் முறுக்கு, அதிரசம் எல்லாம் டப்பாவுல எடுத்துட்டுப் போவா, கோயில்ல குடுக்க.

சரி, அவ சொன்னதுக்கு வாரேன். நான் கத்தினேன். நாப்பத்து மூணு வருசமா ஒண்ணாக் குடும்பம் நடத்தியிருக்கோம், இப்படி ஒரு துரோகத்தைப் பண்ணிட்டு எப்படிடி என் இலையில சோறு போட்டேன்னு கேட்டேன். அவ அழல. அழுதிருந்தாலாவது சரி.

“அன்னைக்கு கேட்டுல அது வெடிச்சிருந்தா நீங்க எங்க இருந்திருப்பீங்க?”ன்னு கேட்டா. “அந்தப் பிள்ளை எங்க இருந்திருக்கும்?”

“மேலே பார்த்துத்தான்டி பிடிச்சேன்.”

“நான் உங்களுக்குப் பின்னாலதான் நின்னேன்.”

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு ஏட்டு கொண்டு வந்த வாழைப்பழத்தை எடுத்து உள்ளே வைக்கப் போயிட்டா. அவளுக்குக் கண்ணு சரியில்ல தம்பி. புரை. பதினொரு வருசத்துக்கு முந்தி என்ன தெரிஞ்சிருக்கப் போகுது?

எட்டு நாளா யோசிக்கேன். மனுவை வாபஸ் வாங்கணும், அது சரி. அந்த மனுசன் முப்பத்தொண்ணாம் தேதி மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகணும். ஆனா சும்மா வாபஸ்னு எழுதினா எடுக்க மாட்டாங்க. ஊசியை யார் எடுத்தான்னு இருக்கணுமாம். சண்முகவடிவுன்னு எழுதினா அவ மேல கேஸ். லைசென்ஸ் இல்லாத ஆள் ஆயுதத்துல கை வச்சதுன்னு வரும். கணபதிராமன்னு எழுதினா, பட்டாளத்துல சுபேதாரா ரிட்டயர் ஆனவன், அவன் பென்சனுக்கு ஆபத்து. ஒரு ஏட்டைக் காப்பாத்தப் போய் ஒரு சுபேதாரை மாட்டி விட முடியுமா? அதனால நாந்தான் எடுத்தேன்னு எழுதச் சொல்லிட்டேன். நானே, சுய புத்தியோட, இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஒப்படைக்கிறேன். தவறான புகார் குடுத்ததுக்கு வருத்தம் தெரிவிக்கிறேன். படிச்சுப் பாருங்க. கேஸ் போடுவாங்கதான். போடட்டும்.

ஊர்ல சிரிப்பானா, சிரிப்பான். இப்ப சிரிக்காம இருக்கானா? ஒரு வகையில பார்த்தா இதுலயும் ஒரு கெத்து இருக்கு தம்பி. ஊசி இல்லாத துப்பாக்கியை வச்சே இருபத்திரண்டு வருசம் ஒரு ஊரை அடக்கி வச்சான்னு சொல்லுவான்ல? சொல்ல மாட்டானோ?

சண்முகவடிவுகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, “சாப்பிட வாங்க”ன்னா. நல்லாருக்கு, நல்லால்ல, ஒண்ணும் கிடையாது.

எல்லாம் சரி, ஒரே ஒரு இடம்தான் உதைக்குது. இங்க பாருங்க, நாலாவது வரி. டைப் அடிக்கிறவன் என்ன காரணம்னு போடணும்னான். அவனே ‘பாதுகாப்பு கருதி’ன்னு அடிச்சிட்டான். அவன் அடிக்கிற மனு எல்லாத்துலயும் அந்த வார்த்தை வரும் போல. அப்ப ஒண்ணும் தோணல. இங்க வந்து உக்காந்தப்புறம்தான் தோணுது. உள்ளே இருக்கிற அதிகாரி சின்ன வயசு, துருவித் துருவிக் கேக்கிற ஆள். போன தடவையே, “சுத்தம் செய்யும்போதுன்னா, எந்தத் தேதி?”ன்னு கேட்டார். இன்னைக்கு யாரோட பாதுகாப்புன்னு கேட்பார். என் பாதுகாப்புன்னா, பாதுகாப்புக்குத்தானேய்யா துப்பாக்கி, ஊசியை எடுத்துட்டா என்ன பாதுகாப்பும்பார். ஊர்ப் பாதுகாப்புன்னா, ஊருக்கு உம்மால என்ன ஆபத்துன்னு கேட்பார். மூக்கையாவைச் சொன்னா, அந்தக் கேஸ்ல கம்பி கிழிச்சதுன்னுல்ல இருக்கு? அதை எழுதின ஸ்டேசனும் மாட்டும். சுத்திச் சுத்தி எங்க போனாலும் முட்டுது.

நீங்க படிச்ச ஆளாத் தெரியுது. என்ன சொல்லலாம், சொல்லுங்க.

முப்பத்தி மூணு உள்ளே போயாச்சா? இவ்வளவு சீக்கிரமாவா? பரவாயில்ல, எந்திரிக்காதீங்க, கம்பி பிடிச்சு எந்திரிச்சிருவேன். முட்டி பிடிச்சுக்கிச்சு.

ஒண்ணு சொல்லுதேன் தம்பி, பைக் விசயத்துக்கு வந்த உங்ககிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல. எங்க வீட்டு கேட்டுக்கிட்ட வேப்பமரம் எதுவும் கிடையாது. வேப்பமரம் கிணத்துக்கிட்ட இருக்கு, வீட்டுக்குப் பின்னால. எட்டு நாளா எல்லார்கிட்டயும் வேப்பங்கிளை, வேப்பங்கிளைன்னு சொல்லிட்டு வாரேன். நேத்து கேட்டுல போய் நின்னு பார்த்தேன். மேலே ஒண்ணும் இல்ல.

யாரோட பாதுகாப்புன்னு கேட்டா மருமகனோடதுன்னு சொல்லிருதேன். வேற வழி இல்ல. சொன்னா பேரைக் கேட்பார், எழுதிக்குவார். பேரு எனக்குத் தெரியும். எபனேசர். வீட்டுல நான் அதைச் சொன்னது கிடையாது, ஆனா தெரியும். இனிஷியல்தான் தெரியாது.